இரண்டாவது துடுப்பு

யூலை 26, புதன்

காலை 152/94.

இரண்டு மாதமாக இந்தக் கொப்பியில் இலக்கம் மட்டும்தான் எழுதி வந்தேன். இன்றைக்கு டொக்டர் பிள்ளை பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நம்பர் மட்டும் காணாது. அண்டைக்கு என்ன நடந்தது, எது உங்களை டென்ஷன் ஆக்கினது எண்டும் எழுதுங்கோ" என்றது. இங்கே பிறந்த பிள்ளை, தமிழை வெட்டி வெட்டிப் பேசும். அதற்கு வேறு வேலை இல்லை. எனக்கும் இப்போது வேறு வேலை இல்லை. ரொறன்ரோவில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய இந்த யோகதாசனை, பிறசர் இறங்கும்வரை பஸ் ஸ்ரியறிங்கைத் தொடக்கூடாது என்று வீட்டில் இருத்தியிருக்கிறார்கள். மகனுக்கு இது தெரியாது. லீவு சேர்ந்து கிடந்தது, எடுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு வருத்தத்தைச் சொல்லி வளர்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

கொப்பி குளிர்ப்பெட்டிக்கு மேலே கிடக்கும். ஒளிக்கத் தேவையில்லை. மகன் கபிசனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மனைவி சுகிர்தம் வாசிப்பது கோயில் நோட்டீசும் மரண அறிவித்தலும்தான்.

பின்னேரம் 166/98.

கபிசனுக்குப் பதினெட்டு வயது. செப்ரெம்பரில் வன்கூவருக்குப் படிக்கப் போகிறான். இந்த ஊரில் இருக்கிற பல்கலைக்கழகம் ஒன்றும் துரையின் கண்ணுக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது சொன்னான், வடக்கே காட்டுப் பூங்காவில் ஓர் இடம் கிடைத்துவிட்டதாம். நீண்ட வார இறுதிக்கு யாரோ பதிந்ததைக் கைவிட, இவன் பாய்ந்து பிடித்துவிட்டான். ஓகஸ்ட் நாலாம் திகதி போய் ஏழாம் திகதி வருவது. ஏரியில் வள்ளம் வலித்து, ஏரி முடிந்ததும் அதே வள்ளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து, அடுத்த ஏரியில் இறக்கி, கூடாரம் அடித்து, மீன் பிடித்துச் சாப்பிட்டு வருவது. இன்னும் ஒன்பது நாள்தான். இவனோடு போக இருந்த சினேகிதன் ஏதன் சைக்கிளால் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டானாம்.

"வள்ளத்திலை ரெண்டு பேர் இருக்கலாம். ரெண்டாவது ஆள் வேணும்," என்றான், கோப்பையைப் பார்த்துக்கொண்டு. பிறகு நிமிர்ந்து தாயைப் பார்த்தான். "தவம் மாமாவைக் கேக்கட்டோ அம்மா?"

நான் அந்த மேசையில்தான் இருந்தேன். வாயில் சோறும் இருந்தது.

வீடு வாசல் உள்ளவன் காட்டில் போய்ப் படுப்பதற்கு இந்த நாட்டில் சனம் வரிசையில் நிற்கிறது. ஊரில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே நாங்கள் படுத்த காலத்தில் அதற்கு ஒருவரும் காம்பிங் என்று பெயர் வைக்கவில்லை. கரடி, நுளம்பு, பற்றைக்குப் பின்னால் குந்துவது, இதெல்லாம் ஒரு சந்தோசமாம். நல்லகாலம், என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல பேச்சுக் கொடுத்திருப்பேன்.

சாப்பாட்டால் எழும்பியதும் அளந்த இலக்கம்தான் மேலே இருப்பது. கறியில் உப்புக் கூடியிருக்க வேண்டும். சுகிர்தம் இரண்டு மாதமாக உப்பே போடுவதில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

யூலை 27, வியாழன்

காலை 158/95. பின்னேரம் 164/98.

தவபாலன் என் தங்கச்சி வதனியின் புருசன். வீடு விற்கிற முகவர். பஸ் தரிப்பிடத்துக் கதிரைகளில் அவன் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கும், சனம் அதன்மேல்தான் குந்தும். மருமகன் கேட்டதும் அந்த இடத்திலேயே ஓம் என்றுவிட்டானாம். இன்று பின்னேரம் கடையில் பாதியைக் காரில் அள்ளிக்கொண்டு வந்து இறங்கினான். நுளம்பு வலை தொங்குகிற தொப்பி. பதினாலு அலகு வைத்த கத்தி. ஊதுகிற தலையணை. கரடியை விரட்டுகிற புகைப்போத்தல். அது வேலை செய்கிறதா என்று எங்கள் வளவிலேயே அமத்திப் பார்த்தான். காற்று எதிர்ப்பக்கம். கரடி வந்திருந்தால் சிரித்துக்கொண்டு போயிருக்கும். நாங்கள் நாலு பேரும் அரை மணித்தியாலம் இருமினோம்.

"மச்சான், காட்டுக்குள்ளை போனாத்தான் மனிசன் தன்னைக் கண்டுபிடிக்கிறானாம்," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீ எப்ப தொலைஞ்சனி, இப்ப கண்டுபிடிக்க?"

கபிசன் சிரித்தான். தவபாலனும் சிரித்தான். அவனுக்கு எதைச் சொன்னாலும் உறைக்காது. தோல் அப்படி.

மேசையில் பூங்காவின் வரைபடம் கிடந்தது. கிடந்ததால் பார்த்தேன்.

யூலை 28, வெள்ளி

160/97. தவபாலன் எட்டுத் தரம் ரெலிபோன் எடுத்தான். எட்டுத் தரமும் தொப்பியைப் பற்றித்தான்.

யூலை 29, சனி

காலை 161/96.

வள்ளம் வலித்துப் பழகுவதற்காக ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். அங்கே மணித்தியாலக் கணக்கில் வள்ளம் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கார் ஓட்ட ஆள் வேண்டும் என்று நானாகத்தான் போனேன். சுகிர்தம் மோர்மிளகாயும் தண்ணீரும் கட்டிக்கொண்டு வந்தாள். எங்கே போனாலும் இவளுக்கு ஒரு பொதி வேண்டும்.

தவபாலனுக்கு உயிர்காக்கும் அங்கி பூட்டுப்படவில்லை. பூட்டாமல் ஏறினான். முன்னுக்கு அவன் இருக்க, பின்னுக்கு இருந்த என் பிள்ளை ஆகாயத்துக்குப் போய்விட்டான். கரையிலிருந்து நாற்பது அடி போயிருப்பார்கள். நடுவில் தவபாலன் எழும்பி நின்றான். வள்ளத்தில் ஆராவது எழும்பி நிற்பார்களா? படம் எடுக்கச் சொல்லி வதனி கேட்டவளாம். கோதாரி விழுவான் ரெலிபோனைத் தூக்கினான், வள்ளம் கவிழ்ந்தது.

அங்கே இடுப்பளவு தண்ணீர்தான். என்றாலும் அவன் போட்ட கூச்சலுக்கு வாத்துகள் எழும்பிப் பறந்தன. கபிசன் சிரித்துச் சிரித்து நிற்க மாட்டாமல் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். துடுப்பு ஒன்று மிதந்து ஆழத்துக்குப் போனது. நான் கரையில் கிடந்த வாங்கிலிருந்து எழும்பி, "துடுப்பு! துடுப்பு!" என்று கத்தினேன்.

சுகிர்தம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டிருந்த உடுப்போடேயே இறங்கிவிட்டாள். கையைக் காலை அடித்துக்கொண்டு போய்த் துடுப்பைப் பிடித்து வந்தாள். பிறகு வள்ளத்தின் ஒரு தலைப்பைத் தூக்கி, சரித்து, தண்ணீரைக் கொட்டி, நிமிர்த்தி விட்டாள். இவளுக்கு எல்லாவற்றுக்கும் அவசரம். வாடகைக்கு விடுகிறவன் வந்து எடுத்திருப்பான்தானே. அந்த ஈரத்தோடு வந்து காரில் ஏறி, முன் சீற் முழுக்க நாசம். இன்னும் காயவில்லை.

பின்னேரம் 163/97.

ஒன்றைக் கவனித்தேன். பின்னுக்கு இருப்பவன்தான் திசை பிடிக்க வேண்டும். முன்னுக்கு இருப்பவன் பேசாமல் இழுத்தால் போதும், நூறு கிலோக்காரன் எழும்பி நிற்காமல் இருந்தால் போதும். அந்த இருக்கையில் இருக்க ஒரு கெட்டித்தனமும் தேவையில்லை. ஆரும் இருக்கலாம்.

யூலை 30, ஞாயிறு

காலை 165/99. பின்னேரம் 169/100.

தவபாலன் தூண்டிலோடு வந்தான். கள்ள மீன் ஒரு பெட்டி நிறைய. பிளாஸ்ரிக்கில் செய்து கண் வைத்து மினுக்கம் பூசியது. மீன் அதை மீன் என்று நினைத்து விழுங்குமாம். தவபாலன் விழுங்குவான். கபிசன் ரெலிபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தூண்டில் ஊசியில் முடிச்சுப் போட்டான். போட்டு இழுத்தால் கழன்று வந்தது. திரும்பப் போட்டான், திரும்பக் கழன்றது. சுகிர்தம் ஆரோடோ கலியாண வீட்டுக் கதை கதைத்துக்கொண்டே வந்து, ரெலிபோனைத் தோளில் இடுக்கியபடி அதை வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். கழலவில்லை. பூமாலை கட்டிப் பழகிய கை, அவ்வளவுதான்.

அவள் ஊரில் கடலுக்கு அங்காலை தீவுப் பக்கம். சம்பந்தம் பேசி வந்தபோது எங்கள் வீட்டில், "தீவாரோ?" என்று மூக்கைச் சுழித்தவர்கள். நான் பெருந்தன்மையாகத்தான் கட்டினேன். அதை அவளுக்கு அடிக்கடி சொல்லியும் இருக்கிறேன்.

பொதிகளைக் கட்டும்போது ஒரு சண்டை. கபிசன் தன் பையின் அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பொதியை எடுத்தான். உள்ளே எங்கள் மூன்று பேருடைய பாஸ்போட், பிறப்பத்தாட்சி, ஊர்க்காணியின் உறுதி. சுகிர்தம் வைத்திருக்கிறாள்.

"காட்டுக்குள்ளை ஏன் அம்மா காணி உறுதி? கரடிக்கு விக்கிறதோ?"

கை பழக்கத்தில் வைத்திருக்கிறது. இரவு தங்கப் போவதென்றால் அந்தப் பொதி வர வேண்டும், எங்கள் ஆட்களுக்கு அதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. ஒரு மத்தியானம் பானையை அடுப்பில் வைத்துவிட்டு வெளிக்கிட்டு, திரும்பிப் போகாமலே விட்ட சனம் நாங்கள். அதை இவனுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் விடிந்துவிடும். "அதை வெளியிலை எடுத்து வை," என்று மட்டும் சொன்னேன்.

யூலை 31, திங்கள்

காலை 170/101.

சாப்பாட்டுத் திட்டம். காட்டுக்குள் ரின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடையாம். ரின்மீன் இல்லாமல் தமிழன் எப்படிக் காட்டில் சீவிப்பது என்று தவபாலன் பாராளுமன்றத்தில் கேட்கிற மாதிரிக் கேட்டான். இடியப்ப உரலைக் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னான். ஆட்டிறைச்சியைக் கட்டியாக உறைய வைத்தால் இரண்டு நாள் தாங்குமாம். வாசத்துக்கு வருகிற கரடி தாங்குமா என்று கேட்டேன். கபிசன் சுடுதண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிற பைக்கற்றுச் சாப்பாடு வாங்கி வந்திருக்கிறான். ஒன்றைத் திருப்பி உப்பின் அளவைப் பார்த்தேன். அதைத் தின்றால் எனக்குத் தலை வெடிக்கும். நான் போவதாக இருந்தால்தானே. சும்மா பார்த்தேன்.

மத்தியானம் ஆளில்லாத நேரம் அரிசி மூட்டையை நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்து வைத்தேன். நாற்பது இறாத்தல். பிறகு மேலே வேண்டாம் என்று கீழே கொண்டுபோனேன். பிறகு மேலேதான் நல்லது என்று பட்டது. இப்படிப் பத்துத் தரம். வாடகை வள்ளம் நாற்பத்திரண்டு இறாத்தல் என்று கபிசன் சொல்லியிருந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பின்னேரம் சுகிர்தம் வேலையால் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக ஈரத் துணி மூட்டை தூக்குகிறவள். அரிசி மூட்டை வாசலில் நிற்பதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு கையால் அதைத் தூக்கிக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

பின்னேரம் 176/103. மெசினில் பற்றரி பிழையாக இருக்கலாம்.

ஓகஸ்ட் 1, செவ்வாய்

காலை 178/104.

பின்னேரம் 184/108. இதை அளந்தது நான் இல்லை.

கபிசன் வெளியே போயிருந்தான். மூட்டையோடு ஏழாவது தரம் ஏறும்போது கண் கொஞ்சம் இருண்டது. படியில் இருந்துவிட்டேன், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு. வாசற்கதவு திறந்தது. கபிசன் வந்து மேற்படியில் நின்றான்.

"என்ன செய்யிறியள் அப்பா?"

"அரிசிக்குப் பூச்சி பிடிச்சிடும். மேல வைக்கிறன்."

"நேற்று கீழ வைச்சா பூச்சி பிடிக்காதெண்டு சொன்னியள்."

மூட்டையை வாங்கி ஓரத்தில் வைத்தான். மெசினை எங்கே வைப்பேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டியை எந்தக் கையில் சுற்ற வேண்டும், எந்தப் பக்கம் குழாய் வர வேண்டும், எல்லாம் தெரிந்திருந்தது. இலக்கத்தைப் பார்த்தான். தன் ரெலிபோனை எடுத்து எனக்குக் காட்டினான். கோடு கோடாக ஒரு படம். யூனில் கீழே கிடந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசி ஆறு நாளும் நேரே மேலே போயிருந்தது.

"இதென்ன?"

"நீங்கள். உங்கட கொப்பியை ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது அப்பா. நம்பர் தெரியும்தானே."

என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் நான் ஏசுவேன். ஏசினேன். மற்றவனுடைய கொப்பியைப் பார்ப்பது என்ன பழக்கம், தாய் வளர்த்த வளர்ப்பு, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது, எல்லாம் சொன்னேன். அவன் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தான்.

"உங்களைக் கேட்டா நீங்கள் ஓமெண்டு சொல்லிடுவியள். அதுதான் தவம் மாமாவைக் கேட்டனான்."

"நான் ஒருக்காலும் ஓமெண்டு சொல்ல மாட்டன். விசரோ எனக்கு, காட்டுக்குள்ளை போய்ப் படுக்க?"

"ரெண்டாவது இடத்திலை வள்ளத்தை எவ்வளவு தூரம் தூக்கவேணும்?"

"ஆயிரத்து நூற்றிருபது மீற்றர்," என்றேன். வாய் சொல்லிவிட்டது. "முதலாவது இருநூற்றுப் பதினைஞ்சு."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழும்பிப் போயிருப்பேன். இறங்கி வந்து நிலவறைப் படியில் எனக்குப் பக்கத்தில் இருந்தான். செப்ரெம்பருக்கு ஐந்து கிழமைகூட இல்லை. போனபிறகு ஆறுதலாக வருடத்தில் ஒரு தரம் வருவான், வந்தாலும் ரெலிபோனோடு இருப்பான். இவனோடு நாலு நாள் தனியே இருக்க எனக்கு வேறு எந்த வழியும் இனிக் கிடைக்காது. அது எனக்குத் தெரியும்.

"எனக்கு வரவேணும் போல கிடக்கு, தம்பி," என்றேன்.

"எனக்கும் நீங்கள் வாறதுதான் விருப்பம் அப்பா."

ஓகஸ்ட் 2, புதன்

ஆஸ்பத்திரியில் 176/102.

கபிசனும் உள்ளே வந்தான். டொக்டர் பிள்ளை இரண்டு மாத்திரையை மாற்றியது. தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. காட்டுக்கோ, கூடவே கூடாது.

"ரெண்டு கிழமைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருங்கோ அங்கிள். அங்க ஒரு ஸ்ட்ரோக் வந்தா ஆர் உங்களைத் தூக்கிறது?"

"அப்பிடி ஒண்டும் வராது பிள்ளை."

"வாறாக்கள் எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை."

பத்து வயதில் இந்தப் பிள்ளை என் பஸ்சிலேயே ஏறியிருக்கும், ரிக்கற் போடாமல். இப்போது எனக்குப் புத்தி சொல்கிறது.

மத்தியானம் தவபாலனிடமிருந்து குறுஞ்செய்தி. சனிக்கிழமை ஒரு வீட்டைச் சனத்துக்குத் திறந்து காட்ட வேண்டி வந்துவிட்டதாம், தட்டிக்கழிக்க முடியாதாம், மருமகன் குறை நினைக்கக் கூடாதாம். கடைசியில் கை கூப்புகிற படம் மூன்று. போன சனிக்கிழமை தண்ணீரில் விழுந்ததிலிருந்து அவன் குரலில் காற்றுப் போயிருந்தது, நான் கவனித்தேன். பயந்தாங்கொள்ளி. தொப்பியை மட்டும் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறான்.

பின்னேரம் கபிசன் அறைக்குள்ளிருந்து வந்து பக்கத்தில் இருந்தான். பூங்காவோடு கதைத்து இடத்தை மாற்றிவிட்டானாம். முதல் ஏரியிலேயே ஒரு தீவு. வள்ளத்தைத் தூக்க வேண்டிய தேவை இல்லை. இறங்குதுறையிலிருந்து ஒரு மணித்தியாலம் வலித்தால் போதும்.

"டொக்டருக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் முன்னுக்குச் சும்மா இருங்கோ. நான் வலிக்கிறன்."

"அங்க ரெலிபோன் வேலை செய்யுமோ?"

"துறையோடை சரி. அங்கால இல்லை."

"சரி," என்றேன். பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்கிறவன் மாதிரி, வேண்டாவெறுப்பாகச் சொன்னேன்.

இரவு 149/92. இந்த ஒரு கிழமையில் இவ்வளவு குறைந்ததில்லை. புது மாத்திரை நல்லது.

இல்லை. சந்தோசமாக இருக்கிறது. அதுதான் காரணம்.

ஓகஸ்ட் 3, வியாழன்

காலை 146/90.

கபிசன் வளவில் கூடாரத்தை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எடுத்து வைத்த உடுப்பு, மாத்திரை, மெசின் எல்லாம் ஒரு பைக்குள் போய்விட்டன. மெலிந்த பிள்ளை. முளையை அடிக்கிறபோது தோள் எலும்பு தெரிகிறது. அவன் அறுபத்திரண்டு கிலோ. நான் தொண்ணூற்றைந்து.

முன்னுக்கு இருக்கிறவனின் முகம் பின்னுக்கு இருக்கிறவனுக்குத் தெரியாது. எனக்கு ஏதாவது நடந்தால் இவனுக்கு என் முதுகுதான் தெரியும். அப்பா தூங்குகிறார் என்று நினைப்பான். பிறகு கூப்பிடுவான். பிறகு எழும்பி வரப் பார்ப்பான், வள்ளம் ஆடும். ஒரு மணித்தியாலம் தனியே வலித்துக்கொண்டு துறைக்கு வர வேண்டும், என்னை முன்னுக்கு வைத்துக்கொண்டு. வந்து சேர்ந்தபிறகும் அவன் அந்த ஏரியிலிருந்து ஒருநாளும் கரைக்கு வரமாட்டான்.

இதை நேற்று நினைத்திருக்க வேண்டும். நேற்றும் நினைத்தேன். நினைக்காத மாதிரி இருந்தேன்.

வளவுக்குப் போனேன். "தம்பி, நான் வரேல்லை," என்றேன்.

"ஏன்? நேற்று ஓமெண்டனீங்கள்."

"ஓம். எனக்கு ஆசை. இப்பவும் ஆசை. ஆனா நான் அங்க விழுந்தா நீ தனிய. அதை உனக்குத் தர மாட்டன்."

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றான். முதுகு குலுங்கியது. சின்ன வயதில் விழுந்தால் அடிபட்ட இடத்தைப் பொத்திக்கொண்டு இப்படித்தான் திரும்பி நிற்பான். பிறகு, "அப்ப நான் தனியப் போறன்," என்றான். அதுவும் முடியாது என்றேன்.

உள்ளே வந்தேன். சுகிர்தம் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள்.

"அவனோடை நீ போறியோ?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அது பகிடியாகத்தான் இருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனுசி.

"வேலைக்கு ரெலிபோன் எடுத்துத் திங்கள் இரவே லீவு சொல்லிட்டன்," என்றாள், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திங்களோ? திங்கள் தவபாலன் போறதாத்தானே இருந்தது?"

"ஒராள் தொப்பியோடை திரியிறார். ஒராள் அரிசி மூட்டையோடை திரியிறார். ரெண்டும் சரிவராதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். வேறை ஆர் போறது?"

"என்னெண்டு உனக்கு..."

"கார் சீற் காய்ஞ்சிட்டுதோ?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் குளிர்ப்பெட்டியைப் பார்த்தேன். அவள் தண்ணீரை வடித்துவிட்டு அடுப்பை மூட்டினாள்.

"எல்லாத்தையும் வாசிச்சனியோ?"

"எழுத்து வடிவா இருக்கு," என்றாள். "பெருந்தன்மையாக் கட்டினதெண்டு ஒரு இடத்திலை கிடந்தது. அதை மட்டும் ரெண்டு தரம் வாசிச்சன்."

இன்று பின்னேரம் அளக்கவில்லை.

ஓகஸ்ட் 4, வெள்ளி

காலை 150/92.

நாலு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு வந்தோம். சுகிர்தம் ஓட்டினாள். என்னை விடவில்லை. இறங்குதுறையில் வெள்ளைக்காரர் கூட்டம், ஆளுக்கொரு நாய், நாய்க்கும் உயிர்காக்கும் அங்கி. இவர்களுக்கு நாய் பிறந்த நாளிலிருந்தே ஆள்தான். வள்ளத்தைக் கபிசன் தலையில் தூக்கி வந்து தண்ணீரில் வைத்தான். பொதிகளை எங்கே வைப்பது என்று நான் சொன்னேன். சுகிர்தம் அவற்றை எடுத்து வேறு விதமாக வைத்தாள். அவள் வைத்தபடிதான் சரி. வள்ளம் நேராக நின்றது.

கபிசன் வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். "மாத்திரை," என்றான். "நம்பரை ஒவ்வொரு நாளும் எழுதுங்கோ. வந்து பாப்பன்."

பிறகு அவர்கள் போனார்கள். முன்னுக்கு அவள், பின்னுக்கு அவன். நான் மரத்துறையில் நின்று, "இடப்பக்கம்! இடப்பக்கம் பிடி!" என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வளைவில் கபிசன் துடுப்பைத் தூக்கிக் காட்டினான். பிறகு மரங்கள்தான்.

மூன்று இரவு நான் இந்த ஊர் மோட்டலில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி எதிர்ப் பக்கத்தில். தேநீர் என்று ஒன்று தருகிறார்கள், பாத்திரம் கழுவின தண்ணீர் இதைவிடத் திறம். பக்கத்து அறைக்காரன் ரீவியோடு சேர்ந்து கத்துகிறான்.

பின்னேரம் 144/88.

சுகிர்தம், நீ வாசிப்பாய் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் ஏறும்போது வள்ளம் கிடந்து ஆடுகிறது. நீ ஏறும்போது ஆடவில்லை. ஒரு காலை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கையை ஊன்றி, ஓசைப்படாமல் இருந்தாய். ஏறிய உடனேயே துடுப்பை எடுத்தாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அந்த இருக்கையில் நான் இருக்கவில்லை என்பதற்காகவும் அழுதேன், அது மட்டும் இல்லை. இருபத்தாறு வருடம் உன்னோடு இருந்திருக்கிறேன், தீவார் தீவார் என்று பகிடி பண்ணியிருக்கிறேன். உனக்கு நீந்தத் தெரியுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆர் பழக்கினது, எந்தக் கடலில், எத்தனை வயதில், ஒன்றும் எனக்குத் தெரியாது. உன் மகன் இன்று இரவுக்குள் கேட்டுவிடுவான், அவன் கெட்டிக்காரன். திங்கட்கிழமை வந்து எனக்கும் சொல்லு.